மரணக் கிளெயிம் வியாஜ்யங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் நம்மைப் பேசும்படி காரியதரிசியவர்கள் பணித்தபோது, கல்வி நிதியைப்பற்றியாவது கலியாணச் செலவைக் குறைப்பதைப்பற்றியாவது பேசலாமென்றே முதலில் எண்ணினோம். அவ்விரண்டும் வருஷந்தோறும் பேசப்பட்டு வருவன. கேட்டுக் கைதட்டிவிட்டுப் பந்திக்கு எழுந்து செல்வதும் நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆதலின் அவற்றை விடுத்து, நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை ஆதாரமாகக் கொண்டு, ஆயுள் இன்ஷியூரன்ஸ் பணமானது மரணத்துக்குப் பின்னர் குடும்பத்தாரின் கைக்கு வாராமல் வியாஜ்யத்திற் சிக்கிக்கொள்வது எவ்வாறு என்பதை எடுத்துரைக்கத் துணிந்தோம். நாம் வக்கீல் அல்லோம். கணக்கெழுதிப் பிழைப்பவர். ஆயினும் சுமார் இரண்டு வருஷமாக ஒரு சகோதரியின் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு அலைந்ததில், சட்டத்தையும் தீர்ப்புகளையும் கொஞ்சம் படித்துப் பார்க்கும்படி நேர்ந்தது.

அந்தச் சகோதரியின் புருஷர் நம்மவரே; இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பெயரும் ஊரும் இங்கு வேண்டா, அறிந்தவர் அறிவர். அவர் 2013-ஆம் வருஷத்தில் பத்து லக்ஷம் ரூபாய்க்கு இருபது வருஷத் தவணையில் ஒரு பாலிஸி எடுத்தார். எடுத்த காலத்தில் அவருக்கு யாதொரு வியாதியும் இல்லை. கம்பெனி டாக்டரும் பரீக்ஷித்துச் சரியென்றெழுதினார். ஏழு வருஷம் பிரிமியம் தவறாமற் செலுத்தினார். 2020-இல் கொரோனா நோயின் பொருட்டுக் கடைகள் அடைபட்டுக் கிடந்த காலத்தில், வாடகை கொடுக்கவே வழியில்லாதபோது, பிரிமியம் நின்றது. பாலிஸி லாப்ஸ் ஆயிற்று. 2022 ஜனவரியில் வியாபாரம் ஒருவாறு தலையெடுத்ததும், பாக்கியையும் வட்டியையும் சேர்த்துக் கட்டிப் பாலிஸியைப் புதுப்பித்தார். புதுப்பிக்கும்போது தேக சௌக்கியத்தைப்பற்றி ஒரு பாரம் பூர்த்தி செய்து கொடுக்கவேண்டும். இதற்கிடையில் 2019-இல் அவருக்குச் சர்க்கரை வியாதி கண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாரத்தை எழுதியவர் ஏஜண்டு. அந்த ஏஜண்டோ சகோதரியின் பெரியம்மா மகன். "அத்தான், சர்க்கரை என்று எழுதினால் மறுபடியும் ரத்தப் பரீக்ஷை, டாக்டர் என்று இழுத்தடிப்பார்கள். இது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பது. கையெழுத்தைப் போடுங்கள்" என்றார். அத்தானும் கல்லாவில் இருந்தபடியே, வாடிக்கைக்காரருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, கையெழுத்திட்டார்.

2023 அக்டோபரில் மாரடைப்பினால் அவர் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரமிருக்கும். கம்பெனியின் விசாரணையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையானவர்தாம்; துக்கம் விசாரித்தார்; கொடுத்த மோரைக் குடித்தார். பேச்சோடு பேச்சாக, "சர்க்கரைக்கு எந்த டாக்டரிடம் பார்த்தார்கள், அம்மா?" என்று கேட்டார். வஞ்சனை அறியாத அந்தப் பெண்மணி, "நாலு வருஷமாக இதோ இந்த மாத்திரைதான் சாப்பிட்டார்கள்" என்று அலமாரியிலிருந்த டப்பாவையே எடுத்துக் காட்டினார். அவர் எழுதிக்கொண்டு, அதன்கீழ்க் கையெழுத்தும் வாங்கிச் சென்றார். 2024 மார்ச்சில் கடிதம் வந்தது. புதுப்பித்த காலத்தில் வியாதியை மறைத்தமையால் அப்புதுப்பித்தல் செல்லாதென்றும், லாப்ஸ் ஆகுமுன் கட்டிய ஏழு வருஷத்துக்குரிய தொகையே கிடைக்குமென்றும் கண்டிருந்தது. இருபதில் ஏழு பங்கு, அதாவது பத்து லக்ஷத்துக்கு மூன்றரை லக்ஷம், அதுவரை சேர்ந்திருந்த போனஸுடன். "இல்லை" என்று எழுதிய ஒரு சொல்லினால் ஆறரை லக்ஷம் போயிற்று. மூத்த பெண்ணுக்குக் காலேஜில் இரண்டாம் வருஷம். கடைக்கு வாங்கிய கடனோ அப்படியே நின்றது.

இச்செய்தி பரவியதும் நம்மவரிற் பலர், கம்பெனிக்காரரெல்லாம் திருடர் என்று பேசினார்கள். நாம் அவ்வாறு சொல்ல விரும்பவில்லை. இன்ஷியூரன்ஸ் என்பது ஒருவர் பணத்தை மற்றொருவர் குடும்பத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு. கம்பெனி ஒருவருடைய தேகத்தைப்பற்றி அறியக்கூடியது அவர் தாமே சொல்வதைக்கொண்டுதான். சாமானை விற்பவன் வாங்குபவனிடம் உள்ளதையெல்லாம் சொல்லவேண்டியதில்லை என்பது கடைத்தெரு நியாயம். இன்ஷியூரன்ஸிலோ அந்நியாயம் செல்லாது. 1766-ஆம் வருஷத்திலேயே, சுமத்ரா தீவிலிருந்த ஓர் ஆங்கிலக் கோட்டையின் இன்ஷியூரன்ஸ் வழக்கில், மான்ஸ்பீல்டு பிரபு என்னும் இங்கிலீஷ் நீதிபதி இதனை நிலைநாட்டினார். இருதரத்தாரும் ஒருவர்க்கொருவர் ஒளிக்கலாகாது என்பதே அவர் வகுத்த விதி. இருதரத்தாரும் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். கம்பெனிகள் அதிற் பாதியை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

அம்மறதிக்கு மருந்தாக நம் தேசத்தில் ஏற்பட்டதே 1938-ஆம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. வருஷக்கணக்காகப் பிரிமியத்தை வாங்கிக்கொண்டு, ஆள் இறந்தபின் பழைய பாரத்தைப் புரட்டிக் குற்றங்காண்பதைத் தடுக்கவேண்டி, இரண்டு வருஷம் கடந்த பாலிஸியைச் சாதாரணமான தவறுக்காக ஆக்ஷேபிக்கக்கூடாதென்று அப்பிரிவு விதித்தது. 1956-இல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றுசேர்த்து சர்க்கார் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷனை ஏற்படுத்தியபோதும், பிறகு 2000-ஆம் வருஷத்திலிருந்து தனியார் கம்பெனிகள் மறுபடி வந்தபோதும், வியாஜ்யங்களுக்கெல்லாம் நடுநாயகமாக நிற்பது இப்பிரிவே.

இதனைப்பற்றி சுப்ரீம் கோர்ட்டார் 1962-இல் மிதூலால் நாயக் என்பவரின் வழக்கில் அளித்த தீர்ப்பை இன்றும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகின்றனர். 1945 மார்ச்சில் எடுக்கப்பட்ட அப்பாலிஸியின் தொகை ரூ. 25,000. இடையில் லாப்ஸ் ஆகிப் பின்பு புதுப்பிக்கப்பட்டது. எடுத்தவர் 1946 நவம்பரில் இறந்தார். 1947 அக்டோபரில் கம்பெனி மறுத்தது. இரண்டு வருஷக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்பது கேள்வி. முதலில் எடுத்த தேதியிலிருந்தே என்று கோர்ட்டார் சொன்னார்கள். அப்படியானால் இரண்டு வருஷம் கடந்துவிட்டது. கம்பெனி வெறும் தவறென்று காட்டினாற் போதாது. மறைத்த விஷயம் முக்கியமானதா, மறைத்தவர் மோசக் கருத்தோடு மறைத்தாரா, அது பொய்யென்று அவருக்கு அப்போதே தெரியுமா என்ற மூன்றையும் ருஜுப்படுத்தவேண்டும். கம்பெனி அம்மூன்றையும் ருஜுப்படுத்திவிட்டபடியால் வாதி தோற்றார். ஆயினும் அவர் தோற்ற வழக்கில் பிறந்த விதி பிற்காலத்தில் எத்தனையோ விதவைகளைக் காத்தது.

நிற்க, இப்போதுள்ள சட்டம் அதுவன்று. 2015-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தினால் இப்பிரிவு முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. ஒரு கையால் கொடுத்தும் மறு கையால் எடுத்தும் இருக்கிறது. கொடுத்தது யாதெனில், மூன்று வருஷம் கடந்துவிட்டால் எக்காரணத்தைக் கொண்டும், மோசடி என்றுகூட, பாலிஸியை ஆக்ஷேபிக்க முடியாது. வயசுக்கு அத்தாட்சி கேட்பது மாத்திரம் எப்போதும் உண்டு. எடுத்துக்கொண்டது யாதெனில், அந்த மூன்று வருஷமும் பாலிஸி வழங்கிய தேதி, பொறுப்புத் தொடங்கிய தேதி, புதுப்பித்த தேதி, ரைடர் என்னும் கூடுதல் காப்பைச் சேர்த்த தேதி, இவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். மிதூலால் வழக்கின் விதிப்படி நம் இரும்புக் கடைக்காரரின் பாலிஸி பத்து வருஷத்துப் பழைய பாலிஸி. புதிய சட்டத்தின்படி அது இருபத்தொரு மாதத்துப் பாலிஸி. கடை அடைபட்ட காலத்தில் பாலிஸியை விட்டுவிட்டுப் பிறகு புதுப்பித்த நம்மவர் இந்தச் சபையிலேயே பலர் இருக்கக்கூடும். நாம் எட்டு வருஷம் கட்டியாயிற்று, பன்னிரண்டு வருஷம் கட்டியாயிற்று என்று எண்ணியிருப்போர், வீட்டுக்குச் சென்றதும் புதுப்பித்த ரசீதின் தேதியைப் பார்ப்பாராக.

மூன்று வருஷத்துக்குள் மறுப்பதாயின் கம்பெனி இரண்டிலொரு காரணம் சொல்லலாம். மோசடி என்பது ஒன்று. முக்கிய விஷயத்தைத் தவறாகச் சொன்னது அல்லது சொல்லாது விட்டது என்பது மற்றொன்று. எதுவாயினும் ஆதாரங்களோடு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மோசடியன்று, விஷயத்தை மறைத்தது மாத்திரமே என்றால் வாங்கிய பிரிமியத்தை 90 நாளைக்குள் திருப்பித் தரவும் கடமையுண்டு. இதிலே ஒரு கொடுமையும் ஓர் அனுகூலமும் சேர்ந்திருக்கின்றன. மோசடியென்று கம்பெனி சொன்னால், பாலிஸிதாரர் உயிரோடில்லாதபோது, அது மோசடியன்று என்று காட்டும் பாரம் குடும்பத்தார் தலையில் விழுகிறது. இறந்துபோனவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பதை இருப்பவர் ருஜுப்படுத்தவேண்டுமாம்! இதை எழுதியவர் ஒருநாளாவது ஒரு சாவு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருப்பாரா என்பது நமக்குச் சந்தேகமே. அனுகூலமோ மற்றைக் காரணத்தில் இருக்கிறது. மோசடியன்றி, விஷயத்தை மறைத்தமைக்காகவே மறுத்தால், அவ்விஷயம் தெரிந்திருக்குமாயின் பாலிஸியே கொடுத்திருக்கமாட்டோம் என்று காட்டும் பாரம் கம்பெனியினுடையது.

நம் சகோதரியின் வழக்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது. சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாலிஸி கொடுப்பதேயில்லையா? கொடுக்கிறார்கள். பரீக்ஷை செய்து, கூடுதல் பிரிமியம் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, 2022-இல் உண்மையை எழுதியிருந்தால் புதுப்பித்திருக்கவே மாட்டோமென்று எவ்வாறு சொல்வது? கூடுதற் பிரிமியத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்பதே நம்முடைய கேள்வி. கம்பெனியார் இதற்கு நேரான விடை இன்னும் சொல்லவில்லை. மோசடி என்ற சொல்லை அவர்கள் எழுதாமல் விட்டதும் நமக்கு ஒரு பிடி.

ஆனால் நம் பக்கம் பலமென்று பொய்யாகத் தைரியம் சொல்லக்கூடாது. எது முக்கிய விஷயம் என்பதில் சுப்ரீம் கோர்ட்டார் இருவழியும் தீர்த்திருக்கின்றனர். 2015-இல் முடிந்த ஒரு வழக்கில், முதுகெலும்பு நோவுக்குச் சிகிச்சை செய்துகொண்டதை எழுதாதவர் மாரடைப்பினால் இறந்தார். அந்நோவு உயிருக்கு ஆபத்தானதுமன்று, மரணத்துக்குக் காரணமுமன்று என்று, மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. இதைப் படித்ததும் நாம் துள்ளிக் குதித்தோம். அடுத்த வாரமே 2020-ஆம் வருஷத்துத் தீர்ப்பைக் கண்டோம். ஈரல் சம்பந்தமான வியாதியை மறைத்துப் பாலிஸி எடுத்த ஒருவர் இரண்டு மாதத்துக்குள் இறந்த வழக்கு அது. மறைத்தது குற்றமே என்று கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் வழக்கு நடக்கும்போதே பணம் தாய்க்குக் கொடுபட்டுவிட்டது, அவளோ எழுபது வயதுக் கிழவி, மகனை நம்பியிருந்தவள். அப்பணத்தைத் திரும்ப வாங்கவேண்டாமென்றும் கோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். சட்டம் ஒரு பக்கம், தயை ஒரு பக்கம்.

வியாதி மாத்திரமன்று, வேறு கம்பெனியில் எடுத்திருக்கும் பாலிஸியைச் சொல்லாமையும் குற்றமாகலாம். 2019-இல் குஜராத்திலிருந்து வந்த வழக்கில், பத்து லக்ஷத்துக்கு விண்ணப்பித்தவர், இரண்டு மாதத்துக்கு முன்பு மற்றொரு கம்பெனியில் பதினொரு லக்ஷத்துக்கு எடுத்திருந்ததை மறைத்தார். மனைவி தோற்றார். பாரத்தை ஏஜண்டு எழுதினார், இவர் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டார் என்ற சமாதானத்தைக் கோர்ட்டார் ஏற்கவில்லை. கையெழுத்திட்டவரே பொறுப்பாளி என்று முடிந்தது. 2025 பிப்ரவரியிலோ, விபத்தில் இறந்த ஒருவர் நாற்பது லக்ஷத்துப் பெரிய பாலிஸியைச் சொல்லிவிட்டு, இரண்டு லக்ஷத்துச் சொச்சமாகும் சில சிறு பாலிஸிகளைச் சொல்லாதுவிட்டார்; பெரியதைச் சொன்னவர் சிறியதை மறைக்கவேண்டிய அவசியமென்ன என்று மகனுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, கோர்ட்டார் பார்ப்பது பாரத்தின் ஓட்டையை அன்று, மனிதரின் நடத்தையை என்பது புலப்படும். 2000-இல் ஆஷா கோயல் என்ற விதவையின் வழக்கிலும், ஒரு முறை கொடுத்த பாலிஸியை மறுக்குமுன் கம்பெனி மிகுந்த ஜாக்கிரதையோடு ஆராயவேண்டும், இயந்திரம் போல மறுத்தெழுதக்கூடாது என்று கண்டித்திருக்கின்றனர்.

ஏஜண்டைப்பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் ஏஜண்டு என்பவர் அந்நியர் அல்லர். மாமன் மகன், சித்தப்பா, இல்லாவிட்டால் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவர். ஆகையால் பாரத்தையும் அவரிடம் கொடுக்கிறோம், பிரிமியத்தையும் அவரிடமே கொடுக்கிறோம். இரண்டும் ஆபத்து. 1997-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த ஹர்ஷத் ஷா வழக்கைக் கேளுங்கள். இருபத்தையாயிரம் வீதம் நான்கு பாலிஸி வைத்திருந்த ஒருவர், 1987 மார்ச்சில் கட்டவேண்டிய பிரிமியத்துக்கு ஜூன் 4-ஆம் தேதி ஏஜண்டிடம் செக்குக் கொடுத்தார். ஏஜண்டு மறுநாளே அதை மாற்றிக்கொண்டார், கார்ப்பொரேஷனிலோ கட்டவில்லை. ஆகஸ்டு 9-ஆம் தேதி பாலிஸிதாரர் விபத்தில் இறந்தார். ஏஜண்டு பணத்தைக் கட்டியது ஆகஸ்டு 10-ஆம் தேதி! பிரிமியம் வசூலிக்க ஏஜண்டுக்கு அதிகாரமில்லை, அவரிடம் கொடுத்தது கார்ப்பொரேஷனிடம் கொடுத்ததாகாது, பாலிஸி லாப்ஸ் ஆனதே என்று தீர்ப்பு. ஆனால் சம்பளத்திற் பிடித்துக் கட்டும் திட்டத்தில் முதலாளி கட்டத் தவறினால் அக்குற்றம் தொழிலாளியின் குடும்பத்தைச் சாராது என்று 1999-இல் டில்லி மின்சார இலாகா ஊழியரொருவரின் மனைவி பஸந்தி தேவியின் வழக்கில் தீர்ந்தது. கம்பெனியே முதலாளியிடம் வசூலிக்கும் வேலையை ஒப்படைத்ததனால் இந்த வித்தியாசம். மில்லிலும் ஆபீஸிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது பிரயோஜனப்படும்.

பிரிமியம் கம்பெனியின் கையிற் சேர்ந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. ஆந்திர தேசத்து ஜமீன் வம்சத்தவர் ஒருவர் 1960 டிசம்பர் 27-இல் ஐம்பதினாயிரத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, டாக்டர் பரீக்ஷையும் முடித்து, இரண்டு செக்குகள் கொடுத்தார். இரண்டாம் செக்கு திரும்பித் திரும்பி வந்து, 1961 ஜனவரி 11-இல் பணமாயிற்று. மறுநாள் அவர் இறந்தார். இருபத்துமூன்று வருஷம் நடந்த வழக்கு 1984-இல் முடிந்தது: பணத்தைப் பெற்றுக்கொண்டது சம்மதமாகாது, விண்ணப்பத்தை ஏற்றோமென்று கம்பெனி தெரிவித்தாலன்றி ஒப்பந்தமில்லை என்று. குடும்பத்துக்குப் பாலிஸித் தொகை ஒன்றுங் கிடைக்கவில்லை.

வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வாராத குடும்பங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஏழு வருஷம் தகவலில்லையானால் இறந்ததாகக் கொள்ளலாமென்பது சாட்சியச் சட்டம். ஆனால் அவர் காணாமற்போன அன்றே இறந்தாரென்று கொள்ள இடமில்லை என்று 2004-இல் அனுராதா என்பவரின் வழக்கில் முடிவாயிற்று. ஆகவே அந்த ஏழு வருஷமும் பிரிமியம் கட்டிவரவேண்டும். இல்லாவிடில் பாலிஸி லாப்ஸ் ஆகிவிடும். புருஷனைத் தேடுவதா, பிரிமியத்தைத் தேடுவதா என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே.

இதுவரை கம்பெனியோடு வழக்கு. இனி வீட்டுக்குள்ளேயே எழும் வழக்கு. பாலிஸியில் யார் பெயரை நாமினியாக எழுதினோமோ அவருக்கே பணம் சொந்தம் என்று நம்மவர் நினைக்கின்றனர். 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அதை மறுத்தனர். நாமினி மனைவி, மாமியாரும் மகனும் பங்கு கேட்டனர். நாமினி பணத்தை வாங்கும் கையே தவிர உடையவரல்லர். வாரிசுச் சட்டப்படி பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. 2015-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால், தாய் தகப்பன், மனைவி அல்லது புருஷன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்ற விதி வந்தது. ஆயினும் அதன் பொருள் பற்றி ஐகோர்ட்டுகள் ஒருமித்திருக்கவில்லை. கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகள் பிறந்தபின்னும் மாற்றாதவர் எத்தனை பேர்! மாமியாரையும் மருமகளையும் கோர்ட்டு வாசலில் எதிரெதிரே நிறுத்துவது இந்த அசிரத்தைதான். மாற்றிக்கொள்ள ஒரு பாரமும் சொற்பக் கட்டணமும் போதும்.

வியாபாரிகளாகிய நமக்கு இதிலும் சிறந்த வழியொன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, மனைவி மக்களின் நன்மைக்கென்று பாலிஸியிலேயே எழுதி எடுத்தால், அது அவர்களுக்குரிய டிரஸ்டாகிவிடும். கடன்காரர் அதைத் தொடமுடியாது. கடன்காரரை ஏமாற்றும் கருத்தோடு எடுத்தாலொழிய. இச்சட்டம் இந்துக்களுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் முன்பு இருந்தது. பிற்பாடு வந்த திருத்தத்தில், சென்னையில் 1913 டிசம்பர் 31-க்குப் பின்னும், மற்றை இடங்களில் 1923 ஏப்ரல் 1-க்குப் பின்னும் எடுத்த பாலிஸிகளுக்குப் பொருந்துமென்று தெளிவாக்கினார்கள். நம் மாகாணத்துக்கு மாத்திரம் ஒன்பது வருஷத்துக்குமேல் முந்திக் கொடுத்த உரிமை இது. நம் அங்கத்தினரில் இதை உபயோகித்தவர் எத்தனை பேரென்று சென்ற மாதம் விசாரித்தோம். இருவர் கையுயர்த்தினார்கள். அவ்விருவரில் ஒருவர் ஆடிட்டர்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் செய்யவேண்டியது என்ன? முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதவேண்டும். ஒரு மாதத்துக்குள் விடையில்லாவிடினும், விடை திருப்தியாயில்லாவிடினும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அவருக்குக் காரியாலயம் உண்டு. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டுவதில்லை. ஐம்பது லக்ஷம் வரையில் அவர் தீர்ப்பளிக்கலாம். அவர் தீர்ப்புக் கம்பெனியைக் கட்டும், நம்மைக் கட்டாது. அது பாதகமானால் ஜில்லா நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். அங்கே இரண்டு வருஷக் கெடு. நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே தாக்கல் செய்யலாம். மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தெரிந்த பெரிய மனிதரிடம் சிபாரிசுக்கு அலைந்து கெடுவைத் தவறவிட்டவரை நாம் அறிவோம்.

நம் சகோதரி விஷயத்தில் ஆம்புட்ஸ்மன் விசாரணைக்கு நாமும் உடன் சென்றோம். அவர் பொறுமையாகவே கேட்டார். மாத்திரைச் சீட்டையும், சகோதரியே கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் கம்பெனியார் எடுத்து வைத்தார்கள். தீர்ப்புக் கம்பெனிக்கே ஆயிற்று. வெளியே வந்ததும் அந்தப் பெண்மணி கேட்டது ஒன்றே: "நான் உண்மையைச் சொன்னதுதான் தப்பா, அண்ணா?" அதற்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அவருடைய பெரியம்மா மகன் இன்றளவும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவரும் பணத்தாசையினால் செய்ததன்று, அத்தானுக்கு அலைச்சல் வேண்டாமென்று செய்ததே. மூன்றரை லக்ஷத்தையும் போனஸையும், மிச்சத்துக்கு உரிமையை விடவில்லை என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அந்தப் பணம் கடன்காரருக்குப் போயிற்று. 2025-இல் ஜில்லா கமிஷனில் தாக்கல் செய்திருக்கிறோம். நம்மவரான வக்கீல் ஒருவர் பீஸ் வாங்காமல் நடத்துகிறார். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கூடுதற் பிரிமியம் போடும் பட்டியலைக் கம்பெனியார் கொண்டுவந்து காட்டவேண்டுமென்று மனுப்போட்டிருக்கிறோம். அதன் உத்தரவை எதிர்நோக்கி இருக்கிறோம்.

காரியதரிசியவர்களின் சம்மதம் பெற்று இன்னொன்று தெரிவிக்கிறோம். அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, சங்கத்தின் வாசகசாலையில் இருப்போம். பாலிஸியையும், அதனோடு சேர்த்துக் கொடுத்திருக்கும் விண்ணப்பப் பாரத்தின் நகலையும், புதுப்பித்திருந்தால் அந்த ரசீதையும் எடுத்து வரலாம்; மனைவியையும் அழைத்து வரவேண்டும். நகல் இல்லாதவர்களுக்குக் கம்பெனிக்கு எழுத மாதிரிக் கடிதம் வைத்திருக்கிறோம். பாரத்தில் தவறாக எழுதியிருப்பது கண்டால் இப்போதே திருத்திக் கம்பெனிக்கு எழுதலாம். பிரிமியம் சிறிது கூடலாம். அந்தச் சகோதரியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாரத்தை வாசித்துக் காட்டும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.